412 கி.மீ. பறக்க எத்தனை நிமிடம்? தளம் ஒன்று சொல்கிறது, டிக்கெட் வேறு சொல்கிறது

ஜன்னலோரம் | திங்கள், காலை 9.12

வணக்கம். நான் அடிக்கடி போய்வரும் இரண்டு பிராந்திய விமான நிலையங்களைப் பற்றி ஒரு குழப்பம். பெயர் வேண்டாம், 'அ', 'ஆ' என்று வைத்துக்கொள்வோம். 'அ' கொஞ்சம் பெரியது. 'ஆ' அதற்குக் கிழக்கே இருக்கிறது, ரொம்பச் சின்னது, ஒரே ஓடுபாதை. நடுவில் ஓடுவது ஏடிஆர் 72, அதாவது விசிறி வைத்த விமானம்.

தூரம் பார்க்கும் தளத்தில் இரண்டு பெயரையும் போட்டால் 412 கி.மீ., பறக்கும் நேரம் 1 மணி 1 நிமிடம் என்று வருகிறது. டிக்கெட்டில் போகும்போது 1 மணி 25 நிமிடம், திரும்பும்போது 1 மணி 15 நிமிடம். போன வாரம் சக்கரம் தரையை விட்ட நொடியிலிருந்து மறுபடி தொட்ட நொடி வரை கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச் ஓட்டிப் பார்த்தேன், 57 நிமிடம். விமானத்தைப் பின்தொடரும் செயலியோ பறந்த தூரம் 455 கி.மீ. என்கிறது.

இதில் எதை நம்புவது? பொழுதுபோகாமல் கேட்கவில்லை. அடுத்த மாதம் 'ஆ'வில் இறங்கி 50 நிமிடத்தில் இன்னொரு விமானம் பிடிக்க வேண்டும்.

கேள்விக்குறி | திங்கள், காலை 9.40

இதில் குழப்பமே இல்லை. பூமி உருண்டை, வரைபடம் தட்டை. தட்டையில் 412, வளைவில் 455. அதோடு விமானம் 6 கி.மீ. மேலே ஏறி 6 கி.மீ. கீழே இறங்குகிறதே, அந்த 12 கி.மீ.யையும் சேர்க்க வேண்டாமா?

நில அளவை | திங்கள், காலை 10.25

கேள்விக்குறி, இரண்டுமே தப்பு. கோபித்துக்கொள்ளாதீர்கள், கணக்கு போட்டே காட்டுகிறேன்.

முதலில் வளைவு. தளம் காட்டும் 412 வளைவைக் கணக்கில் எடுத்துக்கொண்ட எண்தான். இரண்டு இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து, பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. என்று கொண்டு, உருண்டையின் மேல் மிகக் குறுகிய கோட்டை அளக்கிறார்கள். அதைத்தான் பெருவட்டத் தூரம் என்கிறோம். கண்டம் விட்டுக் கண்டம் போகிறவர்களுக்கு வரைபடத்துக் கோட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் வரும். 400 கி.மீ.க்கு, 45 பாகை அட்சரேகையில் நேர் கிழக்காகப் போனால்கூட, திசைகாட்டியை ஒரே திசையில் பிடித்துப் போகும் கோட்டுக்கும் பெருவட்டத்துக்கும் நூறு மீட்டர் வித்தியாசம் வராது.

பூமி சுத்தமான உருண்டையும் இல்லை. நடுக்கோட்டில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357. அந்தப் பிசகையும் சேர்த்தால் 412 என்பது இரண்டு கி.மீ. முன்பின் ஆகலாம், அவ்வளவுதான்.

அடுத்தது ஏற்றம். 6 கி.மீ. உயரத்தை விமானம் நெட்டுக்குத்தாக ஏறுவதில்லை. ஏறி முடிப்பதற்குள் தரையில் நூறு கி.மீ. அளவுக்குக் கடந்துவிடும். பள்ளிக்கூடத்துச் செங்கோண முக்கோணம்தான்: அடி 100, உயரம் 6, சாய்ந்த கோடு 100.18. அதாவது 180 மீட்டர் கூடுதல். இறங்கும்போதும் அதே கணக்கு என்றால் மொத்தம் 360 மீட்டர். மீதி 42 கி.மீ. சொச்சத்தை வேறு எங்காவது தேடுங்கள்.

கேள்விக்குறி | திங்கள், காலை 10.31

சரி, வாபஸ்.

சக்கரக்கட்டை | திங்கள், காலை 11.50

நான் சில வருடங்கள் விமானங்களுக்குப் பறப்புத் திட்டம் போடும் வேலையில் இருந்தவன். ஜன்னலோரம் சொன்ன எல்லா எண்ணும் சரிதான். ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில்.

தளத்தின் 1 மணி 1 நிமிடம் எப்படி வந்தது தெரியுமா? இப்படிப்பட்ட தளங்கள் பலவற்றில் ஒரே சூத்திரம்தான்: தூரத்தை மணிக்கு 500 மைல், அதாவது 805 கி.மீ. என்ற வேகத்தால் வகுத்து, ஏற்ற இறக்கத்துக்கு என்று 30 நிமிடம் கூட்டுவார்கள். 412-ஐ 805-ஆல் வகுத்தால் 31 நிமிடம், கூட்டினால் 61. எந்த விமானம், எந்தத் திசை, எந்த ஓடுபாதை என்ற கேள்வியே கிடையாது. 805 கி.மீ. என்பது ஜெட் வேகம். உங்கள் ஏடிஆர் தலைகீழாக நின்றாலும் 510-ஐத் தாண்டாது.

அந்தச் சூத்திரத்தைச் சோதிக்க ஒரு நல்ல ஜோடி இருக்கிறது. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று இரண்டு தீவுகள். நடுவில் 2.7 கி.மீ. பிரிட்டன்-நார்மன் ஐலண்டர் என்ற குட்டி விமானம் 1967 முதல் போய்வருகிறது. உலகிலேயே மிகக் குறுகிய பயணிகள் விமானச் சேவை அதுதான். அட்டவணையில் 2 நிமிடம், காற்று வாய்த்தால் ஒரு நிமிடத்துக்கும் குறைவு, சாதனை 53 விநாடி. சூத்திரத்தில் போட்டால் 30 நிமிடம் 12 விநாடி வரும்!

டிக்கெட்டில் இருப்பது வேறு கணக்கு. அதை நாங்கள் பிளாக் டைம் என்போம். நிற்கும் விமானத்தின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அந்தக் கட்டையை எடுத்து விமானம் நகர்ந்ததிலிருந்து, அந்தப் பக்கம் போய் நின்று மறுபடி கட்டை வைக்கும் வரை ஓடும் நேரம் அது. (என் பெயர்க் காரணம் புரிந்திருக்கும்.) தரையில் ஊர்வது, ஓடுபாதை முனையில் வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். உங்கள் ஸ்டாப்வாட்ச் அளந்தது காற்றில் இருந்த நேரத்தை மட்டும்.

பொறுமைசாலி | திங்கள், மதியம் 12.15

57 நிமிடம் பறக்கிற விமானத்துக்கு 1.25 போடுவது சீக்கிரம் வந்துவிட்டோம் என்று மார்தட்டத்தானே? போன மாதம் நான் போன விமானம் அரைமணி தாமதமாகக் கிளம்பியது, பத்தே நிமிடத் தாமதத்தில் சேர்ந்தது. "காற்றில் ஈடுகட்டிவிட்டோம்" என்று அறிவிப்பு வேறு. ஈடுகட்டியது காற்றா, அட்டவணையா?

சக்கரக்கட்டை | திங்கள், மதியம் 12.48

பாதி உண்மை. அட்டவணையில் கொசுறு வைப்பது உலகம் முழுக்க நடப்பதுதான். அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக் கணக்கில், குறித்த நேரத்தைத் தாண்டி 15 நிமிடத்துக்குள் வந்தால் அது நேரத்துக்கு வந்த விமானம். அப்படி ஒரு மதிப்பெண் இருக்கும்போது எந்த நிறுவனம்தான் இறுக்கிப் பிடித்து அட்டவணை போடும்?

ஆனால் முழுக்க ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். அட்டவணை பருவத்துக்கு ஒருமுறை போடப்படுகிறது: கோடைப் பருவம் மார்ச் கடைசி ஞாயிறு, குளிர்காலப் பருவம் அக்டோபர் கடைசி ஞாயிறு. முந்தைய வருடம் அதே பருவத்தில், அதே வேளையில், அதே தடத்தில் ஓடிய விமானங்களின் நேரங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்துத்தான் எண் வைப்பார்கள். சராசரியை வைத்தால் பாதி நாட்களில் விமானம் தாமதமாகும். அதனால் கொஞ்சம் மேலே தள்ளி வைப்பார்கள். ஒரு விமானம் ஒரு நாளைக்கு ஆறேழு தடவை பறக்கும். காலையில் விட்ட 10 நிமிடம் சாயங்காலத்துக்குள் குட்டி போட்டு ஒரு மணியாகிவிடும்.

வால்காற்று | திங்கள், இரவு 8.20

ஏடிஆர் ஓட்டியவன் என்ற உரிமையில் வருகிறேன். 57 நிமிடத்தைப் பிரித்தே காட்டலாம். தோராயம்தான், கையேட்டைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வராதீர்கள்.

20,000 அடிக்கு ஏற ஒரு கால் மணி. ஏறும்போது வேகம் குறைவு, அதனால் அந்தக் கால் மணியில் 90 கி.மீ. போயிருக்கும். இறங்குவதற்கு எங்களிடம் ஒரு மனக்கணக்கு உண்டு: ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல். 20,000 அடி என்றால் 60 கடல் மைல், 111 கி.மீ. (ஒரு கடல் மைல் 1,852 மீட்டர்.) அதுவும் கால் மணி. ஆக 412-இல் 200 கி.மீ. ஏறவும் இறங்கவுமே போய்விட்டது. மிச்சம் 210 கி.மீ.தான் சமமட்டத்தில், மணிக்கு 500 வேகத்தில், 25 நிமிடம். மொத்தம் 55. நீங்கள் 455 கி.மீ. பறந்தீர்கள் என்றால் அந்தக் கூடுதல் தூரத்துக்கு ஒரு ஆறேழு நிமிடம். அப்புறம் பின்னாலிருந்து காற்று தள்ளியிருந்தால் மூன்று நான்கு நிமிடம் கழியும். 57 சரியாக உட்காருகிறது.

ஜெட் விட்டால் பாதி நேரத்தில் போய்விடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஜெட்டின் வேகம் முழுசாகக் கிடைப்பது உயரத்தில். 36,000 அடியிலிருந்து இறங்கவே 108 கடல் மைல், 200 கி.மீ. வேண்டும். ஏறவும் கிட்டத்தட்ட அதே அளவு. 412 கி.மீ. தடத்தில் ஏறி முடித்தவுடன் இறங்க ஆரம்பிக்க வேண்டியதுதான். அதனால் கீழேயே, ஒரு 28,000 அடியில் பறப்பார்கள். பல நாடுகளில் 10,000 அடிக்குக் கீழே 250 நாட் (மணிக்கு 250 கடல் மைல்) வேகத்தைத் தாண்டக்கூடாது என்ற விதி வேறு. எல்லாம் போக ஜெட் உங்களுக்கு மிச்சப்படுத்துவது பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்கு எரிபொருளை ஊற்ற வேண்டும். பிராந்தியத் தடங்களில் விசிறி விமானம் சாகாமல் இருப்பது இதனால்தான்.

ஜன்னலோரம் | திங்கள், இரவு 8.52

அருமை. 455 மட்டும் இன்னும் உறுத்துகிறது. அன்றைக்கு இடது பக்க ஜன்னலில்தான் இருந்தேன். ஓடுபாதை கண்ணில் பட்டது, முனையத்தின் கூரைகூடத் தெரிந்தது. இறங்கப் போகிறோம் என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். விமானம் பாட்டுக்கு அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. பிறகு ஒரு பெரிய வட்டமடித்துத் திரும்பி வந்து இறங்கியது. ஓட்டியவர் தவறவிட்டுவிட்டாரோ என்று பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார்.

வால்காற்று | திங்கள், இரவு 9.30

தவறவிடவில்லை, பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

விமானம் முடிந்தவரை எதிர்க்காற்றில்தான் இறங்கும். காற்று முகத்துக்கு நேரே அடித்தால் தரையைத் தொடும்போது வேகம் குறைவாக இருக்கும், ஓடுபாதை குறைவாகச் செலவாகும். நீங்கள் மேற்கிலிருந்து கிழக்கே போனீர்கள். அன்றைக்குக் காற்று மேற்கிலிருந்து அடித்திருக்க வேண்டும். ஆக வழியெல்லாம் உங்களைத் தள்ளிவிட்ட அதே காற்று, கடைசியில் விமான நிலையத்தைத் தாண்டிப் போய், திரும்பி மேற்கு முகமாக இறங்க வைத்தது. ஓடுபாதை முனையில் பெரிதாக எண் எழுதியிருப்பார்கள், திசைகாட்டியின் பாகையைப் பத்தால் வகுத்த எண் அது. மேற்கு 270 பாகை, அதனால் நீங்கள் இறங்கியது 27. அதே ஓடுபாதையின் மறுமுனை 09. நேராக 09-இல் இறங்கியிருந்தால் ஒரு 30 கி.மீ. மிச்சம்.

அந்த 30 கி.மீ.யும் மெதுவான கி.மீ. சமமட்டத்தில் 30 கி.மீ. மூன்றரை நிமிடம், சக்கரத்தை இறக்கி, வேகத்தைக் குறைத்து, வளைந்து வரும்போது ஆறு நிமிடம்.

மீதி 13 கி.மீ. புறப்பாட்டில் போயிருக்கும். ஒவ்வொரு ஓடுபாதைக்கும் கிளம்பும் வழி, சேரும் வழி என்று வரைந்து வைத்திருக்கிறார்கள். வானத்தில் பெயர் வைத்த புள்ளிகள் உண்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டும். மேற்கு முகமாகக் கிளம்பி, கிழக்கே போக வளைந்து திரும்பினீர்களா?

ஜன்னலோரம் | திங்கள், இரவு 9.34

ஆமாம்! கிளம்பியதும் சூரியன் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாறியது.

ரயில்பிரியன் | செவ்வாய், காலை 7.05

412 கி.மீ.க்கு இத்தனை பாடு. தரைவழியில் இதே இடைவெளி சுமார் 500 கி.மீ. வரும், நேர்க்கோட்டைவிடச் சாலை நான்கில் ஒரு பங்கு கூடுதலாக இருப்பது சகஜம். ஆனால் வீட்டிலிருந்து நிலையம் போவது, ஒன்றரை மணி முன்னால் போய் உட்காருவது, இறங்கி மறுபடி ஊருக்குள் வருவது எல்லாம் கூட்டினால் நல்ல ரயில் தோற்காது. பிரான்சில் இரண்டரை மணிக்குள் ரயிலில் போக முடிகிற சில தடங்களில் விமானமே கூடாது என்று சட்டம் போட்டு 2023-இல் நடைமுறைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். பாரிஸ் ஒர்லியிலிருந்து லியோன், நான்ட், போர்தோ போகும் தடங்கள் நின்றன.

பொறுமைசாலி | செவ்வாய், காலை 7.40

இழை தடம் மாறுகிறது, ரயில்பிரியன். அவர் கேட்டது விமானத்தைப் பற்றி.

ஆனால் ஒன்று ஒப்புக்கொள்கிறேன். தளத்தில் ஊர்ப் பெயரைப் போட்டால் ஊருக்கு ஊர் அளக்கும், விமான நிலையத்துக்கு அல்ல. பிராந்திய நிலையங்களில் இது பெரிய பொறி. ஃபிராங்க்ஃபர்ட்-ஹான் என்று பெயர் வைத்த நிலையம் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சாலை வழியில் 120 கி.மீ. ஊர்ப் பெயரை நம்பினால் அவ்வளவுதான். விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டைப் போட்டுத் தேடுவதே நல்லது. சிட்னி என்று கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலும் ஒரு ஊர், அதற்கு ஒரு விமான நிலையம். ஆஸ்திரேலியா போக நினைத்து அங்கே போய் இறங்கியவர்கள் உண்டு.

நில அளவை | செவ்வாய், காலை 9.15

தூரத்தைத் தாங்களே கணக்கிட விரும்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விமான நிலையத்தின் இருப்பிடம் பெரும்பாலும் பாகை, கலை (மினிட்), விகலை (செகண்ட்) என்று கொடுக்கப்பட்டிருக்கும். 10 பாகை 45 கலை என்பதை 10.45 என்று தட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 60 கலை ஒரு பாகை, அதனால் அது 10.75. இந்த 0.30 வித்தியாசம் அட்சரேகையில் 33 கி.மீ. பிழை, ஏனென்றால் ஒரு பாகை சுமார் 111 கி.மீ. தீர்க்கரேகையில் பிழை செய்தால் இடத்தைப் பொறுத்து மாறும். நடுக்கோட்டில் அதே 111, அறுபதாம் பாகையில் சரிபாதி.

இன்னொன்று: விரிதாளில் சைன், கொசைன் போடும்போது கோணத்தைப் பாகையிலிருந்து ரேடியன் என்ற அலகுக்கு மாற்ற மறந்தால் 412-க்குப் பதில் ஏதோ ஒரு எண் வரும். அது தப்பு என்று உடனே தெரிந்துவிடும், அதனால் ஆபத்தில்லை. அந்த 33 கி.மீ. பிழை சேர்ந்து 445 என்று வருவதுதான் ஆபத்து, பார்த்தால் சரி மாதிரியே இருக்கும்.

கேள்விக்குறி | செவ்வாய், காலை 10.02

இந்த முறை ஜாக்கிரதையாகக் கேட்கிறேன். போகும்போது காற்று தள்ளும், வரும்போது தடுக்கும். இரண்டும் கழிந்து சமமாகிவிடுமா?

வால்காற்று | செவ்வாய், காலை 10.45

நல்ல கேள்வி. ஆகாது.

வேகம் 500, காற்று 60 என்று வையுங்கள். சாதகமான பக்கம் 560-இல் 412 கி.மீ., 44.1 நிமிடம். எதிர்ப்பக்கம் 440-இல், 56.2 நிமிடம். கூட்டினால் 100.3. காற்றே இல்லாத நாளில் இரண்டு பக்கமும் சேர்ந்து 98.9. எதிர்க்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொண்டிருக்கிறோம், சாதகக் காற்றில் சீக்கிரம் முடித்துவிடுகிறோம், அதனால் கணக்கு எப்போதும் நஷ்டத்தில்தான் முடியும். இந்தத் தூரத்துக்கு ஒன்றரை நிமிடம் பெரிதில்லை. கடலைக் கடப்பவர்களுக்குத்தான் பெரிது. 2020 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு ஜம்போ ஜெட் 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது, புயலோடு வந்த காற்றின் தயவு. அன்றைக்கு எதிர்த்திசையில் போனவர்களை யாரும் செய்தியாக்கவில்லை.

பொறுமைசாலி | செவ்வாய், காலை 11.20

கடிகாரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டில் கிளம்பும் நேரம் அந்த ஊர் மணி, சேரும் நேரம் இந்த ஊர் மணி. ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் விமான நிலையத்தின் ஓடுபாதை இரண்டு மாநிலங்களின் எல்லையைக் கடந்து கிடக்கிறது. கோடையில் ஒரு மாநிலம் கடிகாரத்தை முன்னே தள்ளும், மற்றது தள்ளாது. அப்போது சிட்னியிலிருந்து அங்கே போனால், ஒன்றேகால் மணிக்கு மேல் ஆகும் பயணம் கடிகாரப்படி அரைமணிக்குள் முடிந்த மாதிரி தெரியும்.

சக்கரக்கட்டை | செவ்வாய், மதியம் 1.10

ஜன்னலோரத்தின் 50 நிமிடக் கேள்வியை எல்லோரும் மறந்துவிட்டோம். அதற்கு முன் ஒன்று: பயணம் எப்போது முடிகிறது? சக்கரம் தொட்டபோதா, நின்றபோதா?

இது நீதிமன்றம் வரை போன கேள்வி. 2012 மே மாதம், ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கிலிருந்து ஜெர்மனியின் கொலோன்-பான் போகும் விமானம். மதியம் 1.30-க்குக் கிளம்பி 2.40-க்குச் சேர வேண்டும். கிளம்பியதே மூன்று மணி நேரம் கழித்து. மாலை 5.38-க்குத் தரையைத் தொட்டது, அதாவது 2 மணி 58 நிமிடத் தாமதம். நிறுத்துமிடத்துக்கு வந்தது 5.43, 3 மணி 3 நிமிடத் தாமதம். ஐரோப்பாவில் தாமதம் மூன்று மணியைத் தொட்டால் 1,500 கி.மீ. வரையிலான தடத்துக்கு 250 யூரோ இழப்பீடு. (அந்த 1,500-ஐயும் பெருவட்டத் தூரமாகத்தான் அளக்க வேண்டும், செயலியின் 455 மாதிரி எண் அங்கே செல்லாது.) தரையைத் தொட்டதுதான் கணக்கு என்று நிறுவனம் சொன்னது. பயணி விடவில்லை. 2014 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: குறைந்தது ஒரு கதவாவது திறந்து, பயணிகள் இறங்கலாம் என்ற நிலை வந்தால்தான் சேர்ந்ததாக அர்த்தம். அதுவரை அடைபட்ட இடத்தில் அவர்களால் எதுவும் செய்ய முடியாது என்பது காரணம்.

உங்கள் 50 நிமிடமும் கதவு திறந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. இரண்டும் ஒரே டிக்கெட்டா, தனித்தனியா?

ஜன்னலோரம் | செவ்வாய், மதியம் 1.25

தனித்தனி. ஒரு பெட்டி உண்டு, உள்ளே போட வேண்டும்.

சக்கரக்கட்டை | செவ்வாய், மதியம் 1.41

அப்படியானால் வேண்டாம். தனி டிக்கெட் என்றால் பெட்டியை வாங்கி, வெளியே வந்து, மறுபடி வரிசையில் நின்று கொடுக்க வேண்டும். கவுன்டரைப் புறப்பாட்டுக்கு 45 நிமிடம், சில இடங்களில் ஒரு மணி முன்னாலேயே மூடிவிடுவார்கள். உங்கள் முதல் விமானம் ஒரு நிமிடம்கூடப் பிசகாமல் வந்தாலும் உங்களுக்கு இருப்பது ஐந்து நிமிடம். பெட்டி வெளியே வரவே அதைவிட அதிகம் ஆகும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பும் இல்லை. நான்கு எண்ணில் எதை எடுத்தாலும் இது தேறாது.

அடுத்த முறை போகும்போது முழுசாக அளந்து பாருங்கள்: நகர்ந்த நேரம், தரையை விட்ட நேரம், தொட்ட நேரம், நின்ற நேரம். நாங்களும் இந்த நான்கைத்தான் குறிப்போம். இவற்றை அந்தக் காலத்திலேயே விமானம் தானாகச் செய்தியாக அனுப்பும்.

வால்காற்று | செவ்வாய், மதியம் 2.05

தரையில் போகும் நேரத்தைச் சின்ன நிலையங்களில் தனியாகக் கவனியுங்கள். பெரிய இடங்களில் ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே இணையான வழி இருக்கும். 'ஆ' மாதிரி இடங்களில் இருக்காது. அங்கே ஓடுபாதையிலேயே முனை வரை போய், அப்படியே நின்ற இடத்தில் திரும்பி, அதே ஓடுபாதையில் ஊர்ந்து வர வேண்டும். பேக்ட்ராக் என்போம். அந்த நாலைந்து நிமிடமும் ஓடுபாதை உங்களுக்கு மட்டும். அடுத்த விமானம் மேலே காத்திருக்கும்.

இன்னொரு பக்கம், ஏடிஆருக்குச் சின்ன நிலையத்தில் இழுவண்டி (விமானத்தைப் பின்னால் தள்ளிவிடும் புஷ்பேக் வண்டி) தேவைப்படாத நாட்கள் அதிகம். தானே வளைந்து வெளியே வந்துவிடும். புஷ்பேக் வண்டிக்காகக் காத்திருக்கும் ஐந்து நிமிடம் மிச்சம்.

ரயில்பிரியன் | செவ்வாய், மதியம் 2.30

ரயிலுக்கு பேக்ட்ராக் கிடையாது. சும்மா சொன்னேன்.

ஜன்னலோரம் | அடுத்த ஞாயிறு, இரவு 10.15

போய் வந்தேன். நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து விமானப் பணிப்பெண் "பரீட்சையா?" என்று கேட்டார்.

போகும்போது: நகர்ந்ததிலிருந்து சக்கரம் தரையை விடும் வரை 16 நிமிடம். இழுவண்டி தள்ளியது, பிறகு ஓடுபாதை முனையில் எங்களுக்கு முன்னால் இரண்டு விமானங்கள். காற்றில் 57. இறங்கி, ஓடுபாதையின் மேற்குக் கோடியில் திரும்பி, கிழக்குக் கோடியில் இருக்கும் முனையத்துக்கு ஊர்ந்து வர 5. மொத்தம் 78 நிமிடம், டிக்கெட்டைவிட 7 நிமிடம் முன்னால்.

வரும்போது: முனையம் கிழக்குக் கோடி, கிளம்புவதும் கிழக்குக் கோடியிலிருந்து மேற்கு முகமாக. இழுவண்டி இல்லை, ஐந்தே நிமிடத்தில் மேலே. எதிர்க்காற்றில் 60 நிமிடம். 'அ'வில் வட்டமடிக்காமல் நேராக இறங்கினோம், நிற்க 6. மொத்தம் 71.

ஆக அதிக நேரம் பறந்தது வரும்போது, டிக்கெட்டில் அதிக நேரம் இருப்பது போகும்போது. வித்தியாசம் முழுக்கத் தரையில்தான் இருக்கிறது!

அடுத்த மாதத்து இரண்டாவது விமானத்தை மறுநாள் காலைக்கு மாற்றிவிட்டேன்.

கேள்விக்குறி | அடுத்த ஞாயிறு, இரவு 10.22

கதவு திறந்தது எத்தனை மணிக்கு? அதைக் குறித்தீர்களா?

ஜன்னலோரம் | அடுத்த ஞாயிறு, இரவு 10.24

இல்லை. பெட்டியை எடுக்க எழுந்துவிட்டேன்.